இலையின் முதுகு

எங்கள் கடைக்கு முதல் தடவை வந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. மிளகைப் பார்க்கவில்லை, தேன் பாட்டில்களைப் பார்க்கவில்லை. நேராகக் கல்லாப்பெட்டி மேல் இருந்த மணி பிளாண்டிடம் போனார். ஓர் இலையை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினார். குனிந்தார். தொலைந்த கம்மல் கட்டிலுக்கு அடியில் கிடைத்தவர் மாதிரி முகம் மலர்ந்து, "கெடச்சிருச்சுங்க" என்றார்.

"என்னங்க கெடச்சுது?"

"மாவுப்பூச்சி. இங்க பாருங்க கண்ணு, காம்பு ஒட்டற இடுக்குல, பஞ்சாட்ட இருக்குதுல்ல. இது பஞ்சு இல்லீங்க, குடும்பம். தாயி, புள்ளைங்க எல்லாரும் உள்ள சவுரியமா இருக்கறாங்க."

சாமி படத்துக்கு ஏற்றும் விளக்கின் திரிப்பஞ்சு பறந்து ஒட்டியிருக்கிறது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அது போகட்டும். மிளகு, காபித்தூள், தேன் என்று வாயில் போடுகிற சாமான் விற்கிற கடையில் நின்றுகொண்டு "பூச்சி, பூச்சி" என்று ஒருவர் கூவினால் என்ன ஆகும்? தேன் பாட்டிலைக் கையில் வைத்திருந்த சுற்றுலாக்காரர் அதைச் சத்தமில்லாமல் அலமாரியில் திரும்ப வைத்துவிட்டு வெளியே போனார். எனக்கு உச்சந்தலை வரை கோபம். என்ன சொல்லித் திட்டலாம் என்று நான் வார்த்தை தேடி முடிப்பதற்குள் அவர் கைப்பையைத் திறந்து, காது குடைகிற பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து, அந்தக் குடும்பத்தை ஒவ்வொருவராகத் தொட்டு எடுத்துக்கொண்டிருந்தார். தொட்ட இடத்தில் வெள்ளை கரைந்து, உள்ளே இருந்த பூச்சி பழுப்பு நிறமாகச் சுருண்டது. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நானும் குனிந்து பார்த்தேன். அன்றைக்கு விழுந்தவள்தான், எழுந்திருக்கவே இல்லை.

ஏற்காடு பஜாரில் அவருக்குப் பூச்சியக்கா என்று பெயர். சொந்தப் பெயரும் உண்டு, அதை எழுதப்போவதில்லை. எழுதினால், இப்போது அவர் இருக்கிற கோயம்புத்தூர் மகள் வீட்டு அடுக்குமாடியிலிருந்து போன் வரும், பெயருக்காக இல்லை, பெயர் எழுதின காகிதத்தை வீணாக்கினதற்காக. வெள்ளைக் காகிதம் என்றால் அவருக்கு வேறு உபயோகம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

அப்போது ஏரிக்கரைப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் வேலை அவருக்கு. அறையைக் கூட்டுகிறவர்கள், துணி மாற்றுகிறவர்கள் எல்லாருக்கும் மேலே. விருந்தாளி போனதும் அறைக்குள் நுழைந்து மெத்தையின் மூலையைத் தூக்கி அடியில் பார்ப்பார். திரைச்சீலையைத் திருப்பிப் பார்ப்பார். தலையணை உறையின் உள்பக்கத்தைப் பார்ப்பார். "மேல பாக்கறது விருந்தாளி வேலைங்க, அடியில பாக்கறதுதான் நம்ம வேலை" என்பது அங்கே வேலைக்குச் சேருகிற பெண்களுக்கு அவர் சொல்லும் முதல் வார்த்தை. அந்த வேலையில் பழகின கைதான் இலையையும் திருப்பியது. ஊரில் எல்லாருக்கும் இலையின் முகம் தெரியும். அவருக்கு முதுகும் தெரியும்.

அந்தக் கைப்பையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பஞ்சுக்குச்சி, ஸ்பிரிட் பாட்டில், தேய்ந்துபோன பல் பிரஷ், பழைய கல்யாணப் பத்திரிகைகள். பல் பிரஷ் செதில் பூச்சிக்கு. செதில் பூச்சி தண்டோடு தண்டாகப் பழுப்புப் பொட்டு மாதிரி ஒட்டிக்கிடக்கும், நாம் அதைச் செடியின் மரு என்று நினைத்துக்கொள்வோம். அவர் நகத்தால் நிமிண்டுவார். பெயர்ந்து வந்தால் பூச்சி, வராவிட்டால் செடி. பெயர்ந்து வந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பரீட்சையில் பாஸான பிள்ளை முகம்.

விருந்தாளிகள் பாதி கரைத்துவிட்டுப் போகிற சின்னச் சோப்புகளை ஒரு டப்பாவில் சேர்த்து வைப்பார். அதைச் சீவி வெந்நீரில் கரைத்து ஆறவைத்து இலையின் முதுகில் தெளிப்பார். இலைச்சாறு உறிஞ்சுகிற அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் அதுதான் மருந்து. முதலில் ஓர் இலையில் மட்டும் தெளித்து, மறுநாள் அது கருகவில்லை என்று பார்த்த பிறகே மற்ற இலைகளுக்கு. கொஞ்ச நேரம் கழித்து நல்ல தண்ணீரில் கழுவியும் விடுவார். "நம்மளும் சோப்பு போட்டுட்டு கழுவாமயா வாரோம்?" என்பார். எங்கள் தெருச் செடிகளெல்லாம் லாட்ஜ் சோப்பு வாசத்தோடு, தேனிலவுக்கு வந்தவை மாதிரி நின்றுகொண்டிருக்கும்.

கல்யாணப் பத்திரிகை சமாச்சாரம் இதுதான். ஒரு நாள் குப்பனூர் வழியாக மேலே வருகிற பஸ்ஸில் நானும் அவரும் வந்துகொண்டிருந்தோம். முன் சீட்டில் ஒருவர் சேலத்தில் வாங்கின ரோஜாச் செடியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தார். இலைகள் பொடி தூவினது போல் வெளிறிக் கிடந்தன. அக்கா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். என்ன நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரியும். ஒரு பத்திரிகையை எடுத்து, அச்சடிக்காத வெள்ளைப் பக்கத்தை இலைக்கு அடியில் நீட்டி, கேட்காமல் கொள்ளாமல் இலையைத் தட்டினார்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?" என்று செடிக்காரர் பதறினார்.

"ஒரு நிமிசம் காயிதத்தையே பாருங்க. பொடி உழுந்துச்சா? அந்தப் பொடி நடக்குதா?"

நடந்தது. சிவப்புப் புள்ளிகள், மிளகாய்ப்பொடியில் பாதிகூட இல்லை, எட்டுத் திசைக்கும் கிளம்பிவிட்டன. விரலால் தேய்த்தார். காகிதத்தில் செம்பழுப்புக் கோடு விழுந்தது. "செஞ்சிலந்திங்க. கெடச்சிருச்சுங்க." அதற்குப் பிறகு அந்தப் பத்திரிகை சீட்டுச் சீட்டாகப் போனது. கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். வளைவில் வண்டியைத் திருப்பிக்கொண்டே டிரைவர், "எனக்குக் காட்டாம கசக்கிராதீங்க" என்றார். செடிக்காரர் மட்டும் அழுதுவிடுவார் போல இருந்தார். அவரை ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக் குழாயடிக்குக் கூட்டிப்போய், செடியைச் சாய்த்துப் பிடித்து, இலை முதுகெல்லாம் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிக் கொடுத்த பிறகுதான் அக்கா வீட்டுக்கு வந்தார். "இதுக்கு வெயிலும் வறட்சியும்தான் புடிக்குமுங்க. வாரம் ஒருக்கா இப்படிக் குளிக்க வெச்சீங்கன்னா போயிரும்" என்று சொல்லி அனுப்பினார்.

செல்போனில் இலையைப் படம் பிடித்து அனுப்புகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "போட்டோவுல பூச்சி நெளியாது கண்ணு. நேர்ல வாரேன்னு சொல்லு." நேரில் வருவார். அதுதான் தொல்லையும். துக்க வீட்டுக்கு வந்தாலும் வாசலில் இருக்கும் குரோட்டன்ஸ் இலையைத் திருப்பாமல் உள்ளே வரமாட்டார். எறும்பு ஒரு தொட்டியில் வரிசையாக ஏறுவதைக் கண்டால், "மேல மாடு கட்டியிருக்கறாங்க, பால் கறக்கப் போகுது" என்று அங்கேயே நின்றுவிடுவார். இனிப்பான கழிவுக்காக அசுவினியை எறும்பு மேய்ப்பதைத்தான் அப்படிச் சொல்வார். மண்ணைச் சுற்றிக் கறுப்புக் கொசு பறந்தால் அந்த வீட்டம்மாவுக்கு அர்ச்சனை. "பூச்சிய நான் பாத்துக்கறேன், நீங்க தண்ணி ஊத்தறத நிறுத்துங்க."

எனக்கு அவரிடம் ஒரு எரிச்சல் இருந்தது, மறைப்பானேன். நம் வீட்டில் பூச்சி கண்டுபிடித்தால் நமக்கு முகம் தொங்குகிறது, அவருக்கு மட்டும் என்ன அத்தனை ஆனந்தம்? ஒரு தடவை கேட்டேவிட்டேன்.

"கண்டுபுடிச்சாத்தான கண்ணு அது நம்ம கையில. கண்டுபுடிக்காத வரைக்கும் நம்ம அது கையில" என்றார். பதில் நன்றாகத்தான் இருந்தது. எரிச்சல் போகவில்லை.

இப்போது சுவருக்கு வருகிறேன். அவர் வீடு எங்கள் கடைக்குப் பின் சந்தில். என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அவர் வீட்டுக் காம்பவுண்டு சுவர் நேரே தெரியும். மணி பிளாண்டைக் காசு கொடுத்து வாங்கினால் தழையாது, கேட்டு வாங்கினாலும் தழையாது, திருடிக்கொண்டு வந்து வைத்தால்தான் தழையும் என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை இருக்கிறதல்லவா. எங்கள் தெருவில் அதில் சந்தேகப்படுகிறவர் ஒருவரும் கிடையாது. அக்காவிடம் பெரிய தாய்ச்செடி ஒன்று இருந்தது, கூரையைத் தொட்டுத் திரும்பி வருகிற அளவுக்கு. ஆசைப்பட்டவர்கள் இருட்டில் கை நீட்டிப் பிடுங்கித் தாய்ச்செடியை நாசம் செய்தார்கள். அக்கா யோசித்தார். தயிர்க் கப்புகளைக் கழுவி, அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு கொப்பை வேர்விட வைத்து, வரிசையாகக் காம்பவுண்டு சுவர் மேல் வைத்துவிட்டார். திருட வசதியாக.

வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். காலையில் ஒரு கப்பு குறைந்திருந்தால் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி, "எவனோ செடியத் தூக்கிட்டுப் போயிட்டானுங்க, வெளங்குவானா அவன்" என்று திட்டுவார். திட்டும்போது சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார். திட்டு வாங்கினால்தான் திருட்டு, திருட்டு என்றால்தான் தழைக்கும். எடுத்தவர் எவரும் சொல்லமாட்டார், அவரும் கேட்கமாட்டார். என் கல்லாப்பெட்டிச் செடி பழசாகிப் போனதும் எங்கள் வீட்டுக்காரர் ஒரு நாள் விடியற்காலையில் நடைப்பயிற்சிக்குப் போகிறேன் என்று கிளம்பி, சட்டைக்குள் எதையோ ஒளித்துக்கொண்டு வந்தார். மனிதர் அதற்கு முன்னும் பின்னும் நடைப்பயிற்சிக்குப் போனதே இல்லை.

கோடை விழாவில் மலர்க் கண்காட்சிப் பந்தல் போடுவார்கள். வீட்டுச் செடிகளுக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. அங்கே எப்போதும் பெரிய பங்களாக்காரர்களும் எஸ்டேட்காரர்களும்தான் செடி வைப்பார்கள். எங்கள் எதிர்க்கடை டெய்லர் அண்ணன் அந்த வருஷம் அலைந்து திரிந்து, பஜார் தெருவுக்கென்று ஒரு மேடை வாங்கிவிட்டார். தெருவே துள்ளியது. ஆளுக்கொரு தொட்டி. பெரும்பாலும் மணி பிளாண்ட், கம்பில் ஏற்றி, இலை துடைத்து, முறுக்கேற்றி வைத்திருந்தோம். மேற்பார்வை யார்? கேட்கவா வேண்டும். அக்கா கல்யாணப் பெண்ணின் அம்மா மாதிரி வீட்டுக்கு வீடு ஓடினார். "ஒரு அசுவினி, ஒரு செதிலு, ஒண்ணு கூட நம்ம மேடைக்குப் போகக் கூடாதுங்க" என்று சொல்லிச் சொல்லி இலைகளைத் திருப்பினார்.

சித்திரை பிறந்த சமயம் செடிகள் சோர ஆரம்பித்தன. முதலில் டெய்லர் அண்ணன் செடி. பிறகு பேக்கரியில். பிறகு எங்களுடையது. இலை மஞ்சளானது, நுனி தொங்கியது. தண்ணீர் ஊற்றினால் நிமிரவில்லை, நிறுத்தினாலும் நிமிரவில்லை. அக்கா வந்தார். இலையைத் திருப்பினார். பத்திரிகையில் தட்டினார். தண்டை நிமிண்டினார். ஒன்றுமில்லை. வேப்பெண்ணெயைச் சோப்பு நீரில் கலக்கித் தெளித்தார். ஒன்றும் ஆகவில்லை.

"வெள்ளக் காயிதம் வெள்ளையாவே இருக்குது கண்ணு" என்றார் என்னிடம். பூச்சி இல்லை என்பதை யாரும் அத்தனை துக்கத்தோடு சொல்லி நான் கேட்டதில்லை.

டெய்லர் அண்ணன் நல்லவர், ஆனால் அந்த மேடையைத் தலையில் சுமந்துகொண்டிருந்தவர். "ஏனுங்கக்கா, பூச்சி இருந்தா கண்டுபுடிச்சுருவீங்க, செரி. இல்லாதப்ப என்னதாங்க பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டார். அக்கா பத்திரிகையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

தீர்த்துவைத்தது ஒரு குரங்கு. ஞாயிற்றுக்கிழமை, பஜாரில் கூட்டம். எங்கள் கடைப்படியில் செடியை வெளிச்சத்துக்கு வைத்திருந்தோம். ஒரு சுற்றுலாக் குழந்தையின் கையிலிருந்த கடலைப் பொட்டலத்துக்காகக் கூரையிலிருந்து குதித்த குரங்கு, பிடிமானத்துக்குச் செடியின் கம்பைப் பிடித்தது. கம்பு சாய்ந்து, தொட்டி உருண்டு, பிளாஸ்டிக் தொட்டி ஒரு பக்கம், மண் உருண்டை ஒரு பக்கம். குரங்கு கடலையோடு போய்விட்டது. எங்கள் வீட்டுக்காரர் "போச்சு, மேடையே போச்சு" என்று தலையில் கை வைத்தார். நான் அந்த மண் உருண்டையைப் பார்த்தேன். வேர்களுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக, தொட்டியின் உள்சுவரிலும் அரிசிமாவு ஒட்டினது போல.

எதிரே டெய்லர் கடையில் நின்றிருந்த அக்காவை நான் கூப்பிடவில்லை. அவரே பார்த்துவிட்டார். வருகிற ஜீப்பைக்கூடப் பார்க்காமல் குறுக்கே ஓடிவந்தார், ஜீப்காரர் பிரேக் போட்டுத் திட்டினது அவர் காதில் விழவில்லை. நடுத்தெருவில் முழங்காலிட்டு, செல்போன் கேமராவைப் பெரிசாக்கி, வேருக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"அசையுது. கண்ணு, அசையுது. வேருல இருக்கற மாவுப்பூச்சி. கெடச்சிருச்சுங்க."

தெரு கூடிவிட்டது. டெய்லர் அண்ணன் தன் தொட்டியைக் கொண்டுவந்து கவிழ்த்தார். அதே வெள்ளை. பேக்கரிக்காரரும் கவிழ்த்தார். அதே வெள்ளை. அக்கா மண்டியிட்டபடியே எல்லாரையும் நிமிர்ந்து பார்த்தார். அத்தனை நாள் அணைந்திருந்த விளக்கு எரிந்தது முகத்தில்.

"இந்தச் செடிக எல்லாம் எங்கிருந்து வந்துச்சுங்க?"

டெய்லர் அண்ணன் கழுத்தில் தொங்கிய டேப்பை ஆராய்ந்தார். பேக்கரிக்காரர் தன் கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டார். எப்படிச் சொல்வார்கள்? கேட்கக் கூடாத ஒரே கேள்வி அது. கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டதும் அவர்தான்.

"சொல்லுங்க சாமி. வந்த வழி தெரிஞ்சாத்தான் அடைக்க முடியும்."

எங்கள் வீட்டுக்காரரால் மௌனத்தைப் பொறுக்கவே முடியாது. கடையில் ஆள் இல்லாவிட்டால் தராசோடு பேசுகிறவர். "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க சுவத்து மேல இருந்து எடுத்ததுதானுங்க" என்றார்.

"எல்லாமா?"

டெய்லர் அண்ணன் தலையை ஆட்டினார். பேக்கரிக்காரரும். பின்னால் நின்ற பெண்களும்.

அக்கா எழுந்தார். சேலையில் மண்ணைக்கூடத் தட்டாமல் சந்துக்குள் போனார். போனவர் கதவைச் சாத்திக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் சாத்தியிருப்பேன். ஊர் இலையையெல்லாம் திருப்பிப் பார்த்துத் திருத்தினவர் வீட்டிலிருந்தே ஊருக்குப் பூச்சி போயிருக்கிறது என்றால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? புதுச்செடி விருந்தாளி மாதிரி, கொஞ்ச நாள் வாசலில் தனியே உட்கார வைத்துப் பார்க்காமல் உள்ளே சேர்க்காதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னவர். யாரும் அவர் சுவர்ச் செடியை வாசலில் உட்கார வைக்கவில்லை. பூச்சியக்கா வீட்டுச் செடியை யார் சந்தேகப்படுவார்கள்?

கதவைச் சாத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் சந்தின் முனையில் அவர் வந்தார், தாய்ச்செடியை மண் உருண்டையோடு ஒரு பெரிய டீ டிரேயில் தூக்கிக்கொண்டு. கொடிகள் பின்னால் தரையில் இழுபட்டு வந்தன. நடக்கவில்லை, கிட்டத்தட்ட ஓடிவந்தார்.

"எல்லாரும் வாங்க, கெடச்சிருச்சுங்க. எங்க ஊட்டுல இருந்துதாங்க வந்திருக்குது. இதுலதான் இருக்குது, நொம்ப நாளாவே இருந்திருக்குது. இந்தத் தட்டப் பாருங்க, லாட்ஜுல கழிச்சுப் போட்ட தட்டு. எல்லாக் கப்பையும் தாய்ச்செடியோட இது மேலயே வெச்சு ஒண்ணா தண்ணி ஊத்துவேன். அடி ஓட்டை வழியா ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு நானே பஸ் உட்டிருக்கறேன்."

குரலில் அப்படி ஒரு குதூகலம். கண்ணில் தண்ணீர். என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "இலைக்கு அடியில பாத்தேன் கண்ணு. மண்ணுக்கு அடியில பாக்காம உட்டுட்டேன்."

அது சந்தோஷமா, வெட்கமா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். இரண்டும்தான். ஆனால் தன் குற்றம் கிடைத்ததற்கும் அதே "கெடச்சிருச்சுங்க" சொல்லிக்கொண்டு ஓடிவந்த மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அன்றோடு என் எரிச்சல் போயே போய்விட்டது.

மறுநாள் தெருவில் வியாபாரமே நடக்கவில்லை. டீக்கடை பாய்லரிலிருந்து வெந்நீர் வாளி வாளியாக வந்தது. செடிகளை உருவி, பழைய மண்ணைக் கீழே சிந்தாமல் கோணிப்பையில் கட்டி, வேர்களைக் குழாயில் அலசினோம். பிறகு வெந்நீர்த் தொட்டியில் வேர்களை மட்டும் முக்கி வைத்தோம். சூட்டை அக்கா முழங்கையால் பார்த்தார், பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்கள் பார்ப்பது போல, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, கை பொறுக்கிற கடைசிச் சூடு. தொட்டிகளுக்குக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர். புது மண், வேப்பம்புண்ணாக்கு. இனி ஆளுக்கொரு தனித்தட்டு என்று உத்தரவு. சுற்றுலாக்காரர்கள் ஏதோ திருவிழா என்று நினைத்துப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். பேக்கரிக்காரர் எல்லாருக்கும் பன் கொடுத்தார். எனக்கு இடுப்பு ஒடிந்தது, ஆனாலும் அப்படி ஒரு நாள் பிறகு வரவில்லை.

செடிகள் பிழைத்தன. ஆனால் கண்காட்சிக்கு அவற்றை எப்படிக் கொண்டுபோவது? குளித்துவிட்டுத் தலை துவட்டாத பிள்ளைகள் மாதிரி நின்றன. மேடையைத் திருப்பிக் கொடுக்க டெய்லர் அண்ணனுக்கு மனமில்லை. வெட்டுத்துணிகளைச் சேர்த்து இலையும் பூவுமாகத் தைத்துக் கம்பியில் கட்டி, துணிச்செடிகளைக் கொண்டுபோய் வைத்தார். பரிசெல்லாம் கிடையாது, சிரிப்பு நிறையக் கிடைத்தது. அக்காவும் வந்தார். எங்கள் மேடை முன் நின்றவர், கை சும்மா இருக்குமா, ஒரு துணி இலையைத் திருப்பிப் பார்த்தார். "அண்ணா, அடியில நூல் பிரிஞ்சிருக்குதுங்க" என்றார். டெய்லர் அண்ணன் அத்தனை கூட்டத்தில் ஊசியை எடுத்துத் தைத்தார்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தோம். மழைக்காலம் தொடங்கினதும் அக்கா சுவர் மேல் மறுபடியும் கப்புகளை வைத்தார். பூச்சி இல்லை என்று தனியே வைத்துப் பார்த்துத் தெளிந்த செடிகள். ஒவ்வொரு கப்புக்கும் அடியில் தனித்தனி மூடி.

ஒன்றும் குறையவில்லை. மறுநாளும் குறையவில்லை. வாரம் போயிற்று, மழை அடித்தது, இலைகள் பளபளவென்று வளர்ந்தன, வரிசை வரிசையாகவே இருந்தது. யாருக்கும் அவர் மேல் கோபமில்லை. பார்த்தால் சிரித்தார்கள், பேசினார்கள். கை மட்டும் நீளவில்லை. காலையில் காபி டம்ளரோடு வாசலுக்கு வந்து சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார். திட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் போய்விட்டது. ஒரு நாள் காபித்தூள் வாங்கக் கடைக்கு வந்தவர், கல்லாப்பெட்டி மேல் இருந்த செடியைத் தொடாமலே போனார்.

"நம்மளே ஒண்ண எடுத்துட்டு வந்துருவோமா?" என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார்.

"பாவம் பாத்து எடுத்தா அது திருட்டு இல்லீங்க. அக்காவுக்குத் தெரிஞ்சுரும்" என்றேன்.

பிறகு ஒரு காலை. பனிமூட்டம், எதிர்ச்சுவரே மங்கலாகத்தான் தெரிந்தது. அடுப்பில் பால் வைத்திருந்தேன். "கண்ணு, ஓடியா" என்று குரல். பாலை அணைத்தேனா இல்லையா என்று நினைவில்லை, ஓடினேன்.

சுவரில் கப்புகளைக் காணோம். ஒன்றே ஒன்று மட்டும் இருந்தது. ஆனால் அக்கா அதைக் காட்டவில்லை, சுவரைக் காட்டினார். கப்புகள் இருந்த இடங்களில் ஈரச் சுவர் மேல் சின்னச் சின்னதாக மண் உதிர்ந்து கிடந்தது. எடுத்தவர்கள் ஒவ்வொரு செடியையும் அங்கேயே கவிழ்த்து, உருவி, வேரைப் பார்த்து, திரும்பக் கப்புக்குள் வைத்து, அதற்கப்புறம் கொண்டுபோயிருக்கிறார்கள்.

"பாத்துட்டுத் திருடியிருக்கறாங்க கண்ணு" என்றார். முந்தானை வாய்க்குப் போயிற்று.

மிச்சமிருந்த ஒரு கப்பு பக்கவாட்டில் படுத்திருந்தது. செடியை முழுக்க உருவி, வேர் தெரிகிற மாதிரி, அவர் கண்ணில் படுகிற மாதிரி யாரோ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அக்கா குனிந்தார். வேர் நுனியில் ஒரே ஒரு வெள்ளைப் பொட்டு. போனைப் பெரிசாக்கிப் பிடித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். அசைந்தது.

அவருக்குத் தப்பிப்போனதை ஒரு திருடன் கண்டுபிடித்திருக்கிறான். அக்கா நிமிர்ந்தார். பனிமூட்டத்தைப் பார்த்து, பஜார் தெரு முழுக்கக் கேட்கிற குரலில், "எவனோ நல்லாப் பாத்திருக்கான், நல்லா இருப்பான் அவன். கெடச்சிருச்சுங்க" என்று கூவினார்.

ஒரு கதவும் திறக்கவில்லை. திறந்தால் யார் என்று தெரிந்துவிடுமே. ஆனால் சந்துக்கு அப்பால், மூடியிருந்த டெய்லர் கடை ஷட்டருக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.